சத்து எங்கே போகுது?

இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் பிரம்மச்சாரிகள் என்பது எனக்குத் தெரியும். மேன்ஷன் ரூமில் படுத்துக்கொண்டோ, மின்சார ரயிலில் ஒரு கையால் தொங்கிக்கொண்டோ, ஆபீஸில் மேனேஜர் பார்க்காத நேரத்தில் ஃபைலுக்கு அடியில் வைத்துக்கொண்டோ படிக்கிறீர்கள். "குழந்தைங்க சாப்பாட்டைப் பத்தி எனக்கென்ன ஸார்? என் சாப்பாட்டுக்கே மெஸ்ஸில் க்யூவில் நிற்கிறேன்" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். உங்களுக்குக் குழந்தை இல்லாமல் இருக்கலாம். ஆனால், நீங்கள் யாருக்காவது மாமா, யாருக்காவது சித்தப்பா. பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது பஸ் ஸ்டாண்ட் கடையில் ஒரு பெரிய சாக்லேட்டும் நாலு பாக்கெட் சிப்ஸும் வாங்கி பையில் திணித்துக்கொண்டு போகிற கூட்டம் நாம். வீட்டில் அப்பா, அம்மா சொல்வது பிள்ளைகளுக்குச் சட்டம். மாமா, சித்தப்பா சொல்வது செய்தி. சட்டத்தை மறந்தாலும் மறப்பார்களே தவிர, செய்தியை மறக்க மாட்டார்கள். அதனால் இந்த வாரம் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஃப்ளாட்ஸ் மொட்டை மாடியில் ஒரு சர்வே எடுத்தேன். மொத்தம் ஆறு பேர். (சில தேர்தல் கருத்துக் கணிப்புகளுக்கு இது பரவாயில்லை.) வயசு நாலரையிலிருந்து பதினொன்று வரை. கேள்வி ஒன்றே ஒன்று: "ஹெல்த்தியான சாப்பாடுன்னா என்ன?"

யு.கே.ஜி. வாண்டு: "பச்சையா இருக்கும்."

இரண்டாங்கிளாஸ்: "அம்மா 'ஒரே ஒரு வாய்'னு சொன்னா அது ஹெல்த்தி."

அதே கிளாஸ், வேறு செக்ஷன்: "பிடிக்காதது." இதை ஒருத்தரும் ஆட்சேபிக்கவில்லை. ஏகமனதாக நிறைவேறியது.

நாலாங்கிளாஸ் பெண்: "டாக்டர் சொல்றது. ஆனா எங்கப்பாவே டாக்டர்தான் அங்கிள். அவர் பஜ்ஜிதான் சாப்பிடுவார்."

ஆறாங்கிளாஸ் பையன் கையைக் கட்டிக்கொண்டு எழுந்து நின்றான். "கார்போஹைட்ரேட், புரதம், கொழுப்பு, வைட்டமின், தாது உப்புகள், நார்ச்சத்து, தண்ணீர் எல்லாம் சரியான அளவில் இருந்தால் அது சரிவிகித உணவு. அஞ்சு மார்க் கொஸ்டின் அங்கிள்."

"சபாஷ். இன்னிக்குக் காலைல என்ன சாப்பிட்டே?"

"நூடுல்ஸ்."

முகத்தில் துளி வெட்கம் இல்லை. ஏன் இருக்க வேண்டும்? பாடம் பள்ளிக்கூடத்தில் இருக்கிறது, சாப்பாடு வீட்டில் இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று சந்தித்ததே கிடையாது. (நம் ஆபீஸ் கேன்டீனில் கொலஸ்ட்ரால் பற்றி அரை மணி நேரம் லெக்சர் கொடுக்கிற சீனியர் கையிலும் ஒரு மசால்வடை இருக்கத்தான் செய்கிறது.)

அடுத்த கேள்வியில்தான் சுவாரஸ்யம் ஆரம்பித்தது. "சரி, சாப்பிட்டதெல்லாம் எங்கே போகுது?"

"வயித்துக்கு." "அப்புறம்?" என்றேன். யு.கே.ஜி. எழுந்து நின்று தன் உடம்பையே போர்டாக வைத்துப் பாடம் நடத்தியது. முதலில் சாப்பாடு கால் இரண்டிலும் நிரம்புமாம். கால் ஃபுல்லானதும் வயிறு. பிறகு கழுத்து வரைக்கும் வந்ததும் "போதும்மா" என்று சொல்லிவிட வேண்டுமாம். அதற்கு மேல் ஊட்டினால் வாந்தி. யோசித்துப் பாருங்கள், குடத்தில் தண்ணீர் பிடிப்பதைத் தினமும் பார்க்கிற குழந்தைக்கு இதைவிட நல்ல தியரி கிடைக்குமா?

இரண்டாங்கிளாஸ் அதை ஒப்புக்கொள்ளவில்லை. "சாப்பாடு வயித்துலயேதான் இருக்கும். அதுலேர்ந்து சத்து மட்டும் கைக்குப் போகும்" என்று முழங்கையை மடக்கி, இல்லாத ஆர்ம்ஸைக் காட்டினான். "மூளைக்கும் போகும். பரீட்சை அன்னிக்கு மட்டும்."

இதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போய்விடலாம். ஜப்பானில் கயோகோ இனாகாகி, கியோ ஹடானோ என்று இரண்டு ஆராய்ச்சியாளர்கள் சிரிக்காமல் உட்கார்ந்து குறிப்பு எடுத்தார்கள். 1993-ல் அவர்கள் வெளியிட்ட ஆராய்ச்சியில் 'நாம் ஏன் தினமும் சாப்பிடுகிறோம்' என்று கேட்டுக் குழந்தைகளிடம் மூன்று பதில்களை நீட்டினார்கள். ருசியாகச் சாப்பிட ஆசை என்பதால். சாப்பாட்டிலிருந்து வயிறு உயிர்ச்சக்தியை எடுத்துக்கொள்கிறது என்பதால். சாப்பாடு வயிற்றிலும் குடலிலும் உருமாறி உடம்பில் சேர்கிறது என்பதால். ஆறு வயசுக்காரர்கள் அதிகம் பேர் விரல் வைத்தது நடுவில் இருக்கும் உயிர்ச்சக்தி மேல். எட்டு வயசில் மெள்ள மூன்றாவதுக்கு நகர ஆரம்பிக்கிறார்கள். உடம்பு ஒரு மெஷின் என்று தெரிவதற்கு முன்னாலேயே, அதற்கு எதுவோ ஒன்று உள்ளே போக வேண்டும் என்பது குழந்தைக்குத் தெரிந்திருக்கிறது. ஜப்பான்காரர்கள் அதற்கு வார்த்தை தேடினார்கள். நமக்குத் தேட வேண்டிய அவசியமே இல்லை. 'சத்து' என்று ஒரு வார்த்தையைப் பாட்டிகள் காலம் காலமாகப் புழங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆரஞ்சு விதையை முழுங்கினால் வயிற்றில் மரம் முளைக்கும், காது வழியாகக் கிளை வரும் என்று நாமெல்லாம் ராத்திரி தூங்காமல் விழித்திருந்தோமே, அதுவும் இதே தியரிதான். மண்ணில் போட்டால் முளைக்கிறது. வயிற்றில் இருட்டு இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது. ஏன் முளைக்காது? லாஜிக்கில் ஒரு ஓட்டை சொல்லுங்கள் பார்ப்போம்.

*

சத்து மேல் இவ்வளவு நம்பிக்கை இருக்கிற ஜாதியிடம் கீரையை விற்பது சுலபம்தானே என்று நினைப்பீர்கள். விற்கிற நமக்குத்தான் வியாபாரம் தெரியவில்லை.

"கீரையைச் சாப்பிட்டா ஐஸ்கிரீம் தருவேன்." தமிழ்நாட்டில் தினமும் ராத்திரி எட்டரை மணிக்கு லட்சக்கணக்கான வீடுகளில் கையெழுத்தாகும் ஒப்பந்தம் இது. அமெரிக்காவில் லியான் பர்ச் என்ற அம்மாள் 1984-லேயே இதைச் சோதித்துப் பார்த்துவிட்டார். ஒரு பானத்தைக் குடித்தால் பரிசு, குடித்தால் பாராட்டு என்று சில குழந்தைகளிடம் சொன்னார். மற்றக் குழந்தைகளுக்குச் சும்மா கொடுத்தார். பரிசுக்காகக் குடித்தவர்களுக்குக் கொஞ்ச நாளில் அந்தப் பானத்தின் மேல் இருந்த பிரியமே குறைந்துவிட்டது. குழந்தையின் கணக்கு ரொம்ப சிம்பிள்: 'லஞ்சம் கொடுத்துக் குடிக்கச் சொல்கிறார்கள் என்றால், அதில் ஏதோ தப்பு இருக்கிறது.' அரசாங்க ஆபீஸில் முப்பது வருஷம் குப்பை கொட்டினவருக்குக்கூட இவ்வளவு சட்டென்று புரியாது.

லஞ்சம் வேண்டாம், நல்லதைச் சொல்லிக் கொடுப்போம் என்று இறங்கினால் அங்கேயும் ஒரு பள்ளம். 2014-ல் மிகால் மைமரான், அய்லெட் ஃபிஷ்பாக் என்ற இருவர் மூன்றிலிருந்து ஐந்தரை வயசுக் குழந்தைகளுக்குக் கதை சொன்னார்கள். ஒரு கதையில் கதாநாயகி பிஸ்கட் சாப்பிட்டுப் பலசாலி ஆகிறாள். இன்னொன்றில் சாப்பிட்டு எண்ணக் கற்றுக்கொள்கிறாள். மூன்றாவதில் சும்மா சாப்பிடுகிறாள், அவ்வளவுதான். கதை முடிந்ததும் பிஸ்கட்டை எதிரே வைத்தார்கள். பலமும் படிப்பும் வரும் என்று கேட்ட குழந்தைகள்தான் குறைவாகச் சாப்பிட்டார்கள்! 'மருந்தாக இருந்தால் ருசியாக இருக்காது' என்பது அவர்கள் முடிவு. நம் பாகற்காயை யாரிடமும் 'ஆஹா, என்ன ருசி!' என்று அறிமுகப்படுத்தியிருக்கிறோமா? 'ரத்தத்தைச் சுத்தம் பண்ணும்' என்றுதானே சொல்கிறோம். என்னவோ பினாயில் மாதிரி.

இதையெல்லாம் நம்மைவிட நன்றாகப் புரிந்துவைத்திருப்பவர்கள் விளம்பரக்காரர்கள். 2007-ல் ஸ்டான்ஃபோர்டில் தாமஸ் ராபின்சன் குழுவினர் மூன்றிலிருந்து ஐந்து வயசுக் குழந்தைகளுக்கு ஒரே தின்பண்டத்தை இரண்டு விதமாகக் கொடுத்தார்கள். ஒன்று வெறும் வெள்ளைத்தாளில், இன்னொன்று மெக்டொனால்ட்ஸ் தாளில். தாளில் பெயர் இருந்தால் ருசி அதிகம் என்றார்கள் குழந்தைகள். அந்தக் கடையில் விற்காத கேரட்டுக்கும் அதே தீர்ப்பு! நம் ஊரில் டப்பாவில் வரும் பால் பவுடர் சமாசாரங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்று நம்பி இரண்டு தலைமுறை வளர்ந்தது. உயரமாகலாம், ஃபர்ஸ்ட் ரேங்க் வாங்கலாம், கிரிக்கெட்டில் செஞ்சுரி போடலாம். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 'ஹெல்த் டிரிங்க்' என்று ஒன்றுக்கு விளக்கமே கிடையாது, அந்தத் தலைப்பின் கீழே இவற்றைப் போடாதீர்கள் என்று ஆன்லைன் கடைகளுக்கு மத்திய அரசு சொன்னது 2024 ஏப்ரலில்தான். அதற்குள் குடித்தவர்களுக்கு வழுக்கை விழ ஆரம்பித்துவிட்டது.

இன்னொரு விதியும் உண்டு. உப்பு, சர்க்கரை, கொழுப்பு அதிகமான தின்பண்டங்களைப் பள்ளிக்கூட கேட்டிலிருந்து 50 மீட்டருக்குள் விற்கக் கூடாது என்று 2020-ல் வந்தது. நல்ல விதிதான். எங்கள் ஃப்ளாட் ஆறாங்கிளாஸிடம் இதைச் சொன்னேன். "தெரியும் அங்கிள். அதான் கடை முக்குல இருக்கு" என்றான். 51-வது மீட்டர் எது என்று பிள்ளைகளுக்கு அத்துப்படி. முன்பெல்லாம் பள்ளிக்கூட வாசலில் ஒரு கிழவி சாக்கை விரித்து மாங்காய்க் கீற்று, நெல்லிக்காய், இலந்தவடை விற்பார். உப்பும் மிளகாய்த்தூளும் தூவிக் காகிதத்தில் தருவார். சுகாதாரம் என்று பார்த்தால் பாஸ் மார்க் போட முடியாதுதான். இருந்தாலும் அதில் மாங்காய் இருந்தது.

*

குழந்தைகளை அவர்கள் போக்கில் விட்டால் என்னதான் சாப்பிடுவார்கள்? இதற்கும் ஒருத்தர் துணிந்திருக்கிறார். கிளாரா டேவிஸ் என்ற டாக்டரம்மா. சிகாகோவில் தாய்ப்பால் நிறுத்திய கைக்குழந்தைகள் 15 பேரை வருஷக்கணக்கில் தங்கவைத்து, அவரவர் இஷ்டப்படி சாப்பிட விட்டார். முடிவுகளை 1939-ல் எழுதினார். மொத்தம் 34 வகைப் பண்டங்கள். அதிலிருந்து தட்டுத் தட்டாக எதிரே வைக்கப்படும். நர்ஸுக்குக் கடுமையான உத்தரவு. 'இதைச் சாப்பிடு' என்று நீட்டக் கூடாது. 'சமர்த்து' என்று கொஞ்சக் கூடாது. குழந்தை எதைக் கையால் காட்டுகிறதோ அதை ஸ்பூனில் எடுத்துக் கொடுக்கலாம். அவ்வளவுதான்.

ஒரு குழந்தையின் மெனு மாதிரி இன்னொன்றுக்கு இல்லை. காலையில் ஆரஞ்சு ஜூஸும் ஈரலும், ராத்திரி முட்டையும் வாழைப்பழமும் பாலும் என்று தாறுமாறாகத் தின்றார்கள். எந்தப் பாட்டி பார்த்தாலும் மயக்கம் போட்டிருப்பாள். ஆனால், எல்லாரும் நன்றாக வளர்ந்தார்கள். எலும்பு வலுவிழக்கும் ரிக்கெட்ஸ் நோயோடு வந்த குழந்தை ஒன்று, பக்கத்தில் வைத்த மீன் எண்ணெயைத் தானாக எடுத்துக் குடித்து வந்தது. எலும்பு சரியானதும் நிறுத்திவிட்டது.

உடனே "பார்த்தீர்களா, குழந்தைக்கு எல்லாம் தெரியும்!" என்று எழுந்துவிடாதீர்கள். டேவிஸே ரகசியத்தை உடைத்துச் சொல்லிவிட்டார். தந்திரம் அந்த 34-ல் இருக்கிறது. காய், பழம், தானியம், பால், முட்டை, மாமிசம்... எல்லாம் இயற்கையாகக் கிடைப்பவை. சர்க்கரை லிஸ்டிலேயே கிடையாது. எதை எடுத்தாலும் உருப்படியான சமாசாரம்தான். எதைத் தட்டில் வைப்பது என்பது பெரியவர்கள் வேலை. அதில் எதை, எவ்வளவு என்பதைக் குழந்தை பார்த்துக்கொள்ளும். நாமோ உல்டாவாக நடத்துகிறோம். வீட்டு அலமாரியை விளம்பரக்காரர் நிரப்புகிறார், ஒவ்வொரு வாயையும் நாம் எண்ணுகிறோம்.

ருசியும் பழக்கம்தான். கர்ப்பத்தில் கேரட் ஜூஸ் குடித்த அம்மாக்களின் குழந்தைகள் பிறகு கேரட் கலந்த கூழைச் சுளிக்காமல் சாப்பிட்டதாக ஜூலி மென்னெல்லா குழுவினர் 2001-ல் எழுதினார்கள். சுபத்திரை வயிற்றிலிருந்த அபிமன்யு சக்கர வியூகம் கேட்டான் என்றால் நம்பியவர்கள் இதையும் நம்பலாம். அங்கே தவறவிட்டால்? முகம் சுளித்துத் துப்பின காயைச் சண்டை இல்லாமல் எட்டுப் பத்து தடவை மறுபடி மறுபடி தட்டில் கொஞ்சமாக வைத்தால், பெரும்பாலும் சமாதானம் ஆகிவிடுகிறது. நாம் இரண்டாவது தடவையிலேயே 'இவனுக்குப் பிடிக்காது' என்று முத்திரை குத்திவிடுகிறோம். பையனும் அந்தப் பட்டத்தை டிகிரி மாதிரி கல்யாணம் வரைக்கும் கொண்டுபோகிறான். மேன்ஷனில் பக்கத்துக் கட்டில்காரரைக் கேளுங்கள், "எனக்குச் சின்ன வயசிலிருந்தே சுரைக்காய் ஆகாது ஸார்" என்பார்.

*

சாப்பாட்டில் இந்தக் கதி என்றால், உடற்பயிற்சியில் இன்னும் மோசம். மொட்டை மாடி சர்வேயில், "தினமும் எக்ஸர்சைஸ் பண்றீங்களா?" என்று கேட்டேன்.

"4.2 வரைக்கும் முடிச்சாச்சு அங்கிள்" என்றது நாலாங்கிளாஸ். கணக்குப் புத்தகம்!

விளக்கிச் சொன்னதும், "ஓ, அதுவா? அது தாத்தாங்க பார்க்ல பண்றது" என்றார்கள். அதற்கு முன்னால் முக்கால் மணி நேரம் அதே மாடியில் வியர்க்க வியர்க்க ஐஸ்பாய் விளையாடியிருக்கிறார்கள். அது எக்ஸர்சைஸ் இல்லையாம். "அது விளையாட்டு அங்கிள்." இரண்டும் ஒன்றுதான் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் விளையாடுவதை நிறுத்திவிடுவார்களோ என்று பயமாக இருந்தது.

ஐந்து வயசுக்கு மேற்பட்ட பிள்ளைகள் தினமும் சராசரியாக 60 நிமிஷமாவது ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எங்கே ஓடுவது? ஃப்ளாட்ஸ் கீழே 'இங்கு பந்து விளையாடக் கூடாது' போர்டு. போர்டு எழுதிவைத்த அசோசியேஷனின் அடுத்த மீட்டிங்கில், "இந்தக் காலத்துப் பசங்க எப்பப் பார்த்தாலும் போனையே நோண்டறாங்க ஸார்" என்று வருத்தம் தெரிவிப்பார்கள். பள்ளிக்கூடத்தில் வாரத்துக்கு இரண்டு பி.டி. பீரியட் இருக்கும். அதில் ஒன்றைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்குவார். அந்தக் கடன் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. பரீட்சை நெருங்கினால் மற்றொன்றும் அம்பேல்.

இதைவிட எனக்கு உறுத்துவது வேறு. வீட்டுப்பாடம் எழுதவில்லையா, கிரவுண்டைப் பத்துச் சுற்று ஓடு. லேட்டா, தோப்புக்கரணம் ஐம்பது போடு. பேசினாயா, கையைத் தூக்கிக்கொண்டு நில். ஓடுவது, உட்கார்ந்து எழுவது, கையைத் தூக்குவது என்று உடம்புக்கு நல்லதாக இருக்கிற அத்தனையையும் நம் பள்ளிக்கூடங்கள் தண்டனை லிஸ்டில்தான் வைத்திருந்தன. தோப்புக்கரணமாவது பிள்ளையாரைச் சிரிக்கவைக்க மகாவிஷ்ணு போட்டது என்று புராணத்தில் உண்டு. சிரிக்கவைக்க ஆரம்பித்ததை அழவைக்க உபயோகப்படுத்திக்கொண்டோம். பத்து வருஷம் இப்படிப் பழக்கிவிட்டு, முப்பது வயசில் "ஏன் ஸார் ஜிம்முக்குப் பணம் கட்டிட்டுப் போக மாட்டேங்கறீங்க?" என்று கேட்டால் எப்படிப் போவார்? அவர் ஒரு தப்பும் பண்ணவில்லையே!

*

எங்கள் தெருமுனை இஸ்திரிக்காரர் பையன் கார்ப்பரேஷன் பள்ளியில் நாலாவது படிக்கிறான். மொட்டை மாடிக்கு அவனை யாரும் கூப்பிடவில்லை. சட்டை வாங்கப் போனபோது நானாகத்தான் கேட்டேன். "நல்ல சாப்பாடுன்னா என்னப்பா?"

யோசிக்கவே இல்லை. "காலைல சாப்பிடறது. சாப்டலைன்னா காது அடைச்சுக்கும்ணா. டீச்சர் சொல்றது கேக்காது."

பசி காதை அடைக்கும் என்று எத்தனையோ தடவை நாமும் சொல்லியிருக்கிறோம், ஒரு பழக்கத்தில். அவன் பழமொழி சொல்லவில்லை. நடப்பைச் சொன்னான். அவனுக்குச் சத்து போகிற இடம் காது.

இதே சென்னையில் 1920-ல் ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பள்ளியில், ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாமல் செலவு செய்து சிற்றுண்டி கொடுக்க நீதிக்கட்சிக்காரர்கள் தீர்மானம் போட்டார்கள். 1956-ல் காமராஜர் எட்டயபுரத்தில் மதிய உணவை ஆரம்பித்தார். 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக்கினார். பெயரிலேயே 'சத்து' இருப்பதைக் கவனியுங்கள். வாரத்துக்கு ஐந்து முட்டை, முட்டை சாப்பிடாதவர்களுக்கு வாழைப்பழம். 2022 செப்டம்பர் 15-ல் காலைச் சிற்றுண்டி மதுரையில் தொடங்கியது. முதலில் 1,545 பள்ளிகள், அடுத்த ஆகஸ்டில் மாநிலம் பூராவும் அரசுத் தொடக்கப் பள்ளிகள். உப்புமா, கிச்சடி, பொங்கல். உப்புமா என்றதும் நமக்கெல்லாம் ஜோக் ஞாபகம் வரும். அந்தப் பையன் எந்தக் கிழமை எது என்று விரல் விட்டுச் சொன்னான். "எதுவும் வெக்க மாட்டேன்ணா" என்றான்.

*

இவ்வளவும் எழுதக் காரணம் என் அக்கா பெண். திருச்சியில் ஐந்தாவது படிக்கிறாள். இரண்டாங்கிளாஸில், "சாப்பாடு எதுக்கு?" என்று கேட்டால், "சைக்கிள் ஓட்டறதுக்கு" என்று சொன்னவள்.

அவளுடைய சித்தப்பா பெங்களூரில் நல்ல வேலையில் இருக்கிறார். தங்கமான மனுஷன். மாசம் ஒரு தடவை வருவார். வந்ததும், "வாடி குண்டூஸ்!" என்று கன்னத்தைக் கிள்ளுவார். "லிஃப்ட்ல நீ ஏறினா நாங்க படியில வந்துடறோம்" என்பார். வீடே சிரிக்கும். அவளும் சிரிப்பாள். ஒரு கல்யாண ரிசப்ஷனில் அவள் இரண்டாவது குலாப்ஜாமூனுக்குக் கை நீட்டியபோது, "ஸ்டாக் தீர்ந்துடுச்சும்மா, நேத்து நீ வந்துட்டுப் போனே போலிருக்கு" என்றாராம். பந்தியில் பத்துப் பேர் சிரித்தார்கள்.

அதற்கப்புறம் லஞ்ச் பாக்ஸ் தினமும் சுத்தமாகக் காலியாக வந்தது. அக்காவுக்குச் சந்தோஷம். மூன்று மாசம் கழித்து ஒருநாள் காலை பிரேயரில் பெண் மயங்கி விழுந்தாள். பள்ளிக்கூடத்தில் ஆயாம்மாதான் சொன்னார்: "பாப்பா தெனம் சோத்தைக் காக்காவுக்குப் போட்டுடுதும்மா. கேட்டா புண்ணியம்னு சொல்லுது."

குழந்தை டாக்டர் ஒருவரிடம் அழைத்துப் போனார்கள். உயரம், எடை பார்த்துப் படத்தில் புள்ளி வைத்தார். ஒரு வருஷம் முந்தைய புள்ளியைக் காட்டி, "அப்போ சரியாத்தானே இருந்திருக்கா?" என்றார். பெரியவளாவதற்கு முன்னால் பெண் பிள்ளைகளுக்கு உடம்பு கொஞ்சம் பூசினாற்போல ஆகும், அதை வைத்துத்தான் பிறகு கிடுகிடுவென்று உயரம் போடும் என்று அக்காவிடம் விளக்கினார். பிறகு பெண்ணைப் பார்த்து, "சாப்பாடு எதுக்கும்மா சாப்பிடறோம்?" என்று கேட்டார்.

"குண்டாறதுக்கு" என்றாள்.

ஒன்பதரை வயசு. அப்புறம் மெள்ள மெள்ளப் பேச்சுக் கொடுத்ததில் இன்னொன்று வெளியே வந்தது. யாருக்கும் தெரியாமல் மொட்டை மாடியில் தோப்புக்கரணம் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அதற்கு ஒரு டேரிஃப் வைத்திருந்தாள். இட்லிக்கு இருபது. லட்டுக்கு நூறு.

டாக்டர் மாத்திரை அதிகம் எழுதவில்லை. வீட்டில் எடை பார்க்கிற மெஷின் இருந்தால் தூக்கிப் பரணில் போடுங்கள், எடையைப் பற்றி, அவளுடையதோ உங்களுடையதோ, யாரும் வாயைத் திறக்காதீர்கள், ராத்திரிச் சாப்பாடு எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுங்கள் என்றார். (2016-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் ஏறக்குறைய இதையேதான் சொல்லியிருக்கிறது. உடம்பைக் கேலி பண்ணினால் எடை குறைவதில்லை, சாப்பாட்டோடு சண்டைதான் வருகிறது என்று.) "விளையாட என்ன பிடிக்கும்?" என்று அவளையே கேட்டார். "ரிங் பால்" என்றாள். பள்ளி முடிந்து அரை மணி நேரம் ரிங் விளையாடிவிட்டுத்தான் இப்போது வீட்டுக்கு வருகிறாள். வந்ததும் பசிக்கிறது என்கிறாள். அக்கா அதைப் போனில் சொல்லும்போது குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

சித்தப்பாவுக்கு அண்ணனே போன் பண்ணி விஷயத்தைச் சொன்னார். "நான் சும்மா தமாஷுக்குத்தானே..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டாராம். போன மாசம் வந்தபோது சாக்லேட் டப்பா இல்லை, ஒரு புது ரிங் வாங்கி வந்திருந்தார். வாங்கிக்கொண்டாள். "தேங்க்ஸ் சித்தப்பா" என்றாள். அவரோடு வாசலில் நின்று கொஞ்ச நேரம் போட்டுப் பிடித்து விளையாடவும் செய்தாள்.

சாப்பாட்டு நேரத்தில் மட்டும், தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள்.